கோதண்டம் தொட்டுப் பார்த்த கை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோதண்டம் அண்ணனுக்குக் கொடுத்திருந்த வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து, உள்ளே கொசுப்புழு நெளிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. நெளிந்தால் கொட்டச் சொல்ல வேண்டும், மருந்து ஊற்ற வேண்டும், சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் எத்தனை டிரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முப்பத்து மூன்று வருட சர்வீஸும், கையில் வேறொரு தேர்ச்சியும் உள்ள ஒரு மனிதருக்கு அரசாங்கம் பார்த்து வைத்த வேலை அது. இதை எழுத உட்கார்ந்தவுடனேயே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

நான் டெபோரா. அதே நிலையத்தில் பதினோரு வருடமாக மருந்தாளுநர். ராயபுரத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மதியம் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். கோதண்டம் வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரர். வயது ஐம்பத்தெட்டு. பழைய டிவிஎஸ் வண்டி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு துணுக்குப் பஞ்சு. பஞ்சு எதற்கு என்று நான் வெகுநாள் கேட்டதில்லை. காதில் வைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது தொழுநோய் ஆய்வாளராக. ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெயிலில் ஆளை நிற்க வைத்து முதுகைப் பார்த்தால், எது சாதாரணத் தேமல், எது அந்தத் தேமல் என்று பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். சந்தேகம் வந்தால் பஞ்சைத் திரித்துத் தொட்டுப் பார்ப்பார். பேனா முனையை மெதுவாக வைத்துப் பார்ப்பார். முழங்கையின் உள்குழியில் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்து, வீங்கியிருக்கிறதா என்று சொல்வார். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, குப்பம் குப்பமாக இப்படி ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டவர் அவர்.

அப்போது தொழுநோய்க்குத் தனி ஆபீஸ், தனி ஜீப், தனி போர்டு. அந்த போர்டைப் பார்த்தாலே ஜனங்கள் எதிர்ப் பக்கமாக நடப்பார்கள். உள்ளே போகிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு போவார்கள். பிறகு ஒருநாள் அந்தத் தனிப் பிரிவைக் கலைத்துப் பொது சுகாதாரத்தோடு சேர்ப்பதாக உத்தரவு வந்தது. போர்டைக் கழற்றிய அன்று கோதண்டம் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாராம். "காய்ச்சல்காரன் குந்துற பெஞ்சிலேயே நம்ம ஆளும் குந்துவான்மா. அத விட இன்னா வேணும்?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சந்தோஷப்பட்டது தப்பில்லை. ஒரு வியாதிக்காரனுக்கு மட்டும் தனி வாசல் வைப்பது அநியாயம்தான். சேர்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் எதைச் சேர்த்தார்கள்? நாற்காலியைச் சேர்த்தார்கள், பீரோவைச் சேர்த்தார்கள், சம்பளப் பட்டியலைச் சேர்த்தார்கள். அந்த மனிதரின் விரலில் இருந்த படிப்பைச் சேர்க்க ஒரு பெரிய மண்டைக்கும் தோன்றவில்லை. பெயரைச் சுகாதார ஆய்வாளர் என்று மாற்றினார்கள். முதலில் சிக்குன்குனியா, அப்புறம் டெங்கு, அப்புறம் கொரோனா, அப்புறம் மறுபடியும் டெங்கு. இருபத்து சொச்சம் வருடம் அவர் டிரம்முக்குள் குனிந்து பார்த்தபடியே போய்விட்டது. மாதக் கடைசியில் அனுப்பும் அறிக்கையில் தொழுநோய்க்கும் ஒரு வரி உண்டு. புதிய நோயாளிகள்: பூஜ்யம். ஆறு வருடமாகப் பூஜ்யம். ஆய்வுக் கூட்டத்தில் அதற்காகக் கைதட்டல் கூட வாங்கியிருக்கிறோம். தேடவே போகாதவர்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் தட்டினேன்.

இனிப் பச்சையம்மாவைச் சொல்ல வேண்டும். காத்திவாக்கத்தில் குடியிருப்பு, நாற்பத்தொரு வயது. எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பில் பறி என்கிற சின்ன ஓலைக்கூடையைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போக வேண்டும். இறால் பின்பக்கமாகத் துள்ளும். துள்ளும் அந்த நொடியில் ஒரு கை மறித்தால் இன்னொரு கை அமுக்கும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரல் நுனிதான் கண்.

நவம்பர் மழை விட்டிருந்த ஒரு காலையில் கோதண்டம் டிரம் பார்க்க அவள் வீட்டுக்குப் போனார். அவள் அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். பிடிதுணி இல்லை. வெறும் கை. இறக்கிவிட்டு இடது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அந்தாண்ட கீது சார் டிரம்மு," என்றாளாம். அவர் டிரம் பக்கம் போகவில்லை.

"இன்னாம்மா இது, கையில?"

"எது சார்?"

"சுண்டு விரலாண்ட. கொப்புளம்."

பச்சையம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, ஆமா. எப்போ சுட்டுதுன்னு தெர்லியே."

கோதண்டம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை வெளிச்சத்தில் உட்காரச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பேனா முனையால் தொடத் தொட, எங்கே தொட்டது என்று மற்றக் கையால் காட்டச் சொன்னார். வலது கையில் சரியாகக் காட்டினாள். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் தயங்கினாள். இடது கையின் சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் அவர் எத்தனை முறை வைத்தும், "இன்னும் தொடலியா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முழங்கைக் குழியில் நரம்பு பென்சில் கனத்துக்கு விரலில் தட்டுப்பட்டது. மேல்கையில் வெளிறிய படை ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு.

"இது அந்தத் தண்ணி சார்," என்றாள் அவள். "கரண்டு கம்பெனி சாம்பத் தண்ணி ஆத்துல எறங்குன நாள்லருந்து எங்காளுங்க அல்லார் கையும் இப்டிதான் கீது. மனு கூட குட்த்துகீறோம்."

"அல்லாரும் சொறிஞ்சிக்கினே கீறாங்களே. உனுக்கு இது அரிக்குதா?"

அவள் யோசித்தாள். "காலு அரிக்குது. இது மட்டும் அரிக்கல."

"எறா மாட்டுதா?"

"எங்க சார். ஆடி மாசத்துலருந்து ஆத்துல எறாவே இல்ல. பக்கத்துல துழாவுற குப்பம்மாவுக்குக் கொஞ்சம் மாட்டுது. எனுக்கு அதுவும் மாட்ட மாட்டேங்குது. என் நேரம்."

அன்று மதியம் அவர் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "ஆத்துல எறா கீதும்மா," என்றார். "அவ விரலுக்குத்தான் தெர்ல."

பச்சையம்மா எங்களுக்குப் புதியவள் இல்லை. ஆவணியிலிருந்து நான்கு தடவை எங்கள் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். நான்கு தடவையும் நான்தான் படைக்குப் போடும் களிம்பைக் கொடுத்தேன். காத்திவாக்கம் என்று சொன்னாலே எங்களுக்கு அது 'ஆத்துத் தோல்'. அவர்கள் உட்காருவதற்கு முன்பே களிம்பு எழுதியாகிவிடும். கழிமுகத்துச் சாம்பலும் எண்ணெயும் அவர்கள் தோலைப் பாழாக்கியது நிஜம், அதற்காக அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளலாம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, படித்த எங்களுக்கும் தெரியவில்லை. அரிக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கோதண்டம் எனக்குக் கணக்காகச் சொன்னார். நரம்பு மரத்து ஆறு மாதத்துக்குள் வீக்கத்துக்கான மாத்திரையைத் தொடங்கிவிட்டால் உணர்ச்சி திரும்பி வர வாய்ப்புண்டு. ஆறு மாதம் தாண்டினால் வருவது அபூர்வம். ஆடியிலிருந்து நான்கு மாதம் ஓடிவிட்டது. மிச்சம் இரண்டு மாதம். "அதுக்குள்ள ஆரம்பிச்சாகணும்மா. இல்லாட்டி அந்தக் கை அவ்ளோதான்."

மறுநாளே அவளை வரவழைத்தார். பதிவு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் முன் இருந்தவர், கோதண்டம் கொடுத்தனுப்பியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நாற்பது பேர் நிற்க, "என்ன வியாதிக்கு வந்திருக்க, குஷ்டமா?" என்று சத்தமாகக் கேட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். பச்சையம்மா திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். அவள் எண்ணூர் ரோட்டில் உட்கார்ந்து இறால் விற்கிறவள். அந்தச் சொல் வரிசையில் நின்ற ஒரு காதில் விழுந்தாலே அவள் கூடையை யார் தொடுவார்கள்? மறுபடியும் அவளைக் கூட்டிவரக் கோதண்டத்துக்குப் பத்து நாள் பிடித்தது. பத்து நாள். எங்களிடம் இருந்ததே அறுபதுதான்.

எங்கள் டாக்டர் ஜஸீமா நல்லவர். இளையவர், ஒளிவுமறைவு இல்லாதவர். காலையில் நூற்று முப்பது டோக்கன் பார்க்கிறவர். பச்சையம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, காலேஜ்ல ஒரே ஒரு கிளாஸ்ல படிச்சதுதான். நேர்ல இதான் முதல் தடவை," என்றார். மாவட்ட அலுவலகத்துக்கு போன் போட்டார். அங்கிருந்த அதிகாரி சொன்னது எனக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். "ஆறு வருஷம் ஜீரோ காட்டுற இடம் அது. அவசரப்பட்டு எண்ட்ரி போடாதீங்க. நிபுணர் வந்து உறுதி செய்யட்டும்." நிபுணர் மாதம் ஒரு நாள், மூன்றாவது புதன்கிழமை வருவார். அந்தப் புதன்கிழமை வேறொரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் மருந்து கேட்டு விண்ணப்பம் போட்டேன். அந்தப் படிவத்தில் 'தற்போது சிகிச்சையில் உள்ள நோயாளிகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யம் போட்டால் மருந்து வராது. ஒன்று போட வேண்டுமானால் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பெயர் பதிவாக நிபுணர் வர வேண்டும். அவர் முகாமில் இருக்கிறார். இதை வடிவமைத்தவரை என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாள் நிற்க வைத்துப் பார்க்க ஆசை எனக்கு.

இதற்கிடையே ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோதண்டம் காத்திவாக்கத்துக்குப் போய் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். டிசம்பர் முதல் வாரம் அவர் வந்தபோது முகம் கறுத்திருந்தது. சுண்டு விரல் மடங்க ஆரம்பித்துவிட்டது என்றார். நேராக டாக்டர் அறைக்குள் போனார். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"மேடம், வீக்கத்துக்கான மாத்திர இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட டெபோராம்மா அலமாரில கீது. ஆஸ்துமாக்காரனுக்குத் தினிக்கும் குடுக்குறோம். அத எழுதிக் குடுக்க எந்த புதன்கெழம வரணும்? தப்பாப் போனா என் பேர எழுதிக்கோங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

ஜஸீமா சீட்டை எடுத்து எழுதினார். அன்றே நான் மாத்திரை கொடுத்தேன். தொழுநோய்க்கான மாத்திரை அட்டை அதற்கும் பிறகு, கோதண்டம் இரண்டு நாள் சொந்த லீவு போட்டு மாவட்ட அலுவலக வராந்தாவில் போய் உட்கார்ந்த பிறகு, ஜனவரியில் வந்து சேர்ந்தது. அவள் பெயரும் பதிவானது. ஆறு வருடப் பூஜ்யம் ஒன்றானது.

ஒன்றானதும் மேலே எல்லோருக்கும் விழிப்பு வந்தது. பதிவில் 'விரல் ஊனம் ஏற்பட்ட நிலையில் கண்டறியப்பட்டது' என்று இருந்ததாம். தாமதமாகக் கண்டறிந்ததற்கு யாராவது பொறுப்பாக வேண்டுமாம். பிப்ரவரியில் கோதண்டத்துக்கு ஒரு மெமோ வந்தது. தங்கள் பகுதியில் உள்ள நோயாளியை ஊனம் ஏற்படும் வரை கண்டறியத் தவறியது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்குமாறு.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். கண்டுபிடித்த ஒரே ஆளிடம், ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கிறார்கள். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ராயபுரத்தில் பிறந்தவளுக்கு அந்த விஷயத்தில் பஞ்சமில்லை. கோதண்டம் காகிதத்தை மடித்து பேனாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி ரமாபாய், "ரிட்டையராவ ரெண்டு வருசம் கீது. மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குட்த்துட்டு கம்முனு இரு," என்றாராம். அவர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு மறுநாள் எழுதிக் கொடுத்தார். நகல் என்னிடம் இருக்கிறது.

'அய்யா, கடந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் எனக்கு வழங்கப்பட்ட பணி உத்தரவுகள் அனைத்தையும் இணைத்துள்ளேன். அவற்றில் மனிதர்களின் கையைப் பார்க்கச் சொல்லி ஒரு உத்தரவும் இல்லை. பார்த்தது என் தவறு என்றால் அதற்கான தண்டனையை ஏற்கிறேன். பார்க்காமல் இருந்தது என் தவறு என்றால், எனக்கு அந்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.'

அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. வேலையும் திரும்பி வரவில்லை. எங்கள் எல்லைக்குள் இன்னும் எத்தனை கை அரிக்காத படையோடு சேற்றைத் துழாவுகிறது என்று யாருக்கும் தெரியாது. அவரை அனுப்பினால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அனுப்ப மாட்டார்கள்.

பச்சையம்மா மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை அட்டை வாங்க வருகிறாள். மாத்திரையால் மேனி கொஞ்சம் கறுத்திருக்கிறது. வலது கை முழுசாகத் தேறிவிட்டது. இடது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டும் பிழைத்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியது மடங்கியதுதான். மறிக்கிற கை அது. அது இல்லாமல் ஒரு நாளைக்குப் பாதிப் பறிதான் நிறைகிறது என்கிறாள். என் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? நான் நாலு வாட்டி இங்க வந்தேனே, களிம்பு வாங்க. அப்ப அந்த சாரு வேற எங்கியோ வேல பாத்துகினு இருந்தாரா?"

"இல்ல பச்சைம்மா. இங்கதான்."

"இங்கன்னா?"

நான் இடது பக்கத்துச் சுவரைக் காட்டினேன். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அவர் மேஜை. பதினோரு மணிக்கு வந்து, அன்றைக்குப் பார்த்த டிரம்களை எழுதி முடிக்க அவருக்கு மதியம் ஆகிவிடும். அவள் வந்த நான்கு நாளும் அவர் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். பச்சையம்மா அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் வைத்திருந்த தன் இடது கையைப் பார்த்தாள்.

"அப்ப யாரும் அவர கூப்புடலியா?"

"இல்லம்மா," என்றேன். "நான் கூப்புடல."